இரண்டாவது ஆல்பம் கடன் வாங்கியதா? ஸ்டீவி ரே வானின் ‘குடன்ட் ஸ்டேண்ட் த வெதர்’

8 நவம்பர் 2023, இரவு

டெக்சாஸ் ப்ளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வானைப் பற்றி நண்பர் ஒருவர் கேட்டதை அப்படியே வைக்கிறேன். “முதல் ஆல்பம் ‘டெக்சாஸ் ஃப்ளட்’ கேட்டு ஆடிப்போய் இரண்டாவதையும் தேடிப் பிடித்துக் கேட்டேன். மொத்தமே எட்டுப் பாட்டு, அதில் பாதி அடுத்தவன் பாட்டு. ஹெண்ட்ரிக்ஸ் பாட்டை வாசித்தே எட்டு நிமிஷத்தை ஓட்டிவிட்டார். ஒரே வருஷத்தில் சரக்கு தீர்ந்துவிட்டதா?”

இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டுப் படுக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இந்த ஆல்பத்தோடு எனக்கு இருபத்தேழு வருஷப் பழக்கம். 1996-இல் பெரம்பூரில் எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த அங்கிள், ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர், வாலிப வயதில் இன்ஸ்டிட்யூட் டான்ஸ்களில் வாசித்தவர், ஒரு நாள் கேசட்டைக் கையில் திணித்து “இதைக் கேளு மேன், வாசிக்க மட்டும் பார்க்காதே” என்றார். அன்றைக்கு ராத்திரி தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் பேட்டரி தீரும் வரை கேட்டேன். அதனால் நான் நடுநிலையான ஆள் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணக்குக்கு வருகிறேன். பாதி எல்லாம் இல்லை. கிட்டார் ஸ்லிம் என்ற பழைய ப்ளூஸ் பாடகரின் பாட்டு ஒன்று, ராக் கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பாட்டு ஒன்று, ‘டின் பான் அலி’ ஒன்று. மூன்றுதான் அடுத்தவர் பாட்டு, மிச்சம் ஐந்தும் ஸ்டீவியுடையவை. எட்டில் ஐந்து சொந்தப் பாட்டு வைத்திருக்கிறவரைப் பார்த்து சரக்கு தீர்ந்தது என்று எப்படிச் சொல்வது?

9 நவம்பர் 2023, காலை

தப்பு என்னுடையது. ‘கோல்ட் ஷாட்’ ஸ்டீவி எழுதியது இல்லை. மைக் கின்ட்ரெட், டபிள்யூ. சி. கிளார்க் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியது. எனவே எட்டில் நான்கு. நண்பர் சொன்ன பாதிக்கணக்கு சரி, நான் சொன்னது தப்பு. இத்தனை வருஷமாக அவருடைய பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவு ஒட்டிப்போயிருக்கிறது அவர் குரலோடு.

ஆனால் அந்த இரண்டு பேர் யார் என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி ஆகிறது. 1977 வாக்கில் ஆஸ்டினில் ‘டிரிபிள் த்ரெட் ரெவ்யூ’ என்ற குழுவில் ஸ்டீவியோடு ஒன்றாக வாசித்தவர்கள் அவர்கள். கிளார்க் பேஸ் கிட்டார், கின்ட்ரெட் கீபோர்டு. கிளப் கிளப்பாக அலைந்த காலத்துக் கூட்டாளிகளுடைய பாட்டை, பெரிய கம்பெனி ரெக்கார்டு போடும்போது மறக்காமல் உள்ளே கொண்டுவந்திருக்கிறார். இதைக் கடன் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

முதல் ஆல்பத்தையும் எண்ணிப் பார்த்தேன். பத்துப் பாட்டில் நான்கு அடுத்தவர்களுடையவை. பெயர்ப்பாட்டான ‘டெக்சாஸ் ஃப்ளட்’ கூட லாரி டேவிஸ் 1958-இல் பாடியதுதான். அங்கேயும் நான்கு, இங்கேயும் நான்கு. அதை ஒருவரும் குறை சொல்லவில்லையே?

12 நவம்பர் 2023

தீபாவளி. தெருவில் ஆயிரம் வாலா வெடித்து முடிவதற்குள் ‘ஸ்கட்டில் பட்டின்’ முடிந்துவிடுகிறது, பாட்டே இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. பக்கத்து வீட்டுப் பையன் “எது வெடி எது கிட்டார்னே தெரியலண்ணா” என்கிறான்.

அந்தப் பெயரைப் பற்றி ஒன்று. அந்தக் காலத்துக் கப்பலில் மாலுமிகள் குடித்த தண்ணீர்ப் பீப்பாய்க்கு ‘ஸ்கட்டில்பட்’ என்று பெயர். தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் நின்று வம்பளப்பார்கள், அதனால் வம்புக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. துறைமுக வேலையில் இருக்கிறவனுக்கு இது தெரிந்தவுடன் பாட்டே வேறு மாதிரிக் கேட்டது. நாலு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விடாமல் பேசுகிற மாதிரி இருக்கிறது அந்த வாசிப்பு.

15 நவம்பர் 2023, பகல்

கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் என் வேலை. ஒரு கன்டெய்னர் பெட்டி விஷயமாக எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசையில், டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். துறைமுகத்தின் ஜீரோ கேட் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆல்பம் மொத்தம் 38 நிமிஷம். இரண்டு தடவை முழுசாகக் கேட்டாகிவிட்டது, வண்டி நாலு நீளம்தான் நகர்ந்திருக்கிறது.

இப்படி வரிசையாகக் கேட்டதில் ஒன்று பிடிபட்டது. முதல் ஆல்பம் மூன்றே நாள் வேலை. 1982 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் மாண்ட்ரோ ஜாஸ் விழாவில் கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டு ஸ்டீவியை அவமானப்படுத்தியது. அங்கே கேட்டுக்கொண்டிருந்த பாடகர் ஜாக்சன் பிரவுன் தன் ஸ்டுடியோவை மூன்று நாள் இலவசமாகக் கொடுத்தார், அதில் பதிவானது அது. மேடையில் வாசிப்பதை அப்படியே எடுத்துவைத்தார்கள், 1983-இல் வெளிவந்தது. இரண்டாவது 1984 ஜனவரியில் நியூயார்க் ‘பவர் ஸ்டேஷன்’ ஸ்டுடியோவில் எடுத்தது, மே மாதம் வெளியீடு. முதலாவதில் ஒரு அவசரம் இருக்கிறது, இந்த மூன்று நாள் போனால் இன்னொரு நாள் கிடைக்காது என்கிற அவசரம், அதுதான் நம்மைக் கட்டிப்போடுகிறது. இரண்டாவதில் அந்த அவசரம் குறைவு. நண்பருக்குக் குறையாகப் பட்டது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பாட்டு யாருடையது என்பது இல்லை, வாசிக்கிறவருக்கு நேரம் கிடைத்துவிட்டது.

16 நவம்பர் 2023

‘வூடூ சைல்ட்’ பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும், தள்ளிப்போட்டேன். அதில் நண்பர் பக்கம்தான் நான். ஹெண்ட்ரிக்ஸ் 1968-இல் வாசித்தது ஐந்து நிமிஷச் சொச்சம். ஸ்டீவியுடையது எட்டு நிமிஷம். விரலில் எந்தக் குறையும் சொல்ல முடியாது, சத்தம் மலை மாதிரி இருக்கிறது. ஆனால் கூடுதலான அந்த நேரத்தில் புதுசாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. ‘டின் பான் அலி’ ஒன்பது நிமிஷத்துக்கு மேல் போகிறது, அங்கே ஒரு நொடிகூட அதிகமாகத் தெரியவில்லை. நீளம் பிரச்சினை இல்லை என்பதற்கு அதே தட்டில் சாட்சி இருக்கிறது.

16 நவம்பர், ராத்திரி

வியாசர்பாடித் தம்பி ஒருத்தர் எனக்கு எழுதியது: “அண்ணா, நான் ஹெண்ட்ரிக்ஸைத் தேடிப்போனதே இந்தப் பாட்டைக் கேட்டுத்தான்.” சரி. இந்த ஆல்பம் வந்தபோது ஹெண்ட்ரிக்ஸ் இறந்து கிட்டத்தட்ட பதினாலு வருஷம் ஆகியிருந்தது. எத்தனை பையன்கள் இந்த வழியாக அங்கே போயிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. காலையில் எழுதியதை எடுக்கவில்லை, இதையும் அதோடு சேர்த்துப் படியுங்கள்.

19 நவம்பர் 2023

ஸ்டீவியின் கிட்டார்க் கம்பி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அவர் போட்டது 13 கேஜ் (கேஜ் என்றால் கம்பியின் தடிமன்), பெரும்பாலானவர்கள் போடுவது 9 அல்லது 10. கிட்டாரை அரைச்சுரம் இறக்கிச் சுருதி வைப்பார், அதனால் கம்பியின் விறைப்பு கொஞ்சம் குறையும், குரலுக்கும் வசதி. அப்படி இருந்தும் அந்தத் தடிக் கம்பியை வளைப்பது சாதாரண விரலுக்கு ஆகிற காரியம் இல்லை.

எனக்குத் தெரிந்த விதத்தில் இதைச் சொல்கிறேன். 1998-இல் அந்தச் சத்தம் வேண்டும் என்று என் சாதாரணக் கட்டைக் கிட்டாருக்கு 13 போட்டேன். கடைக்காரரிடம் கேட்டேன், தாங்குமா என்று. தாராளமாகத் தாங்கும் என்றார். அரைச்சுரம் இறக்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. பத்து நாளில் கம்பியைப் பிடித்திருக்கிற பிரிட்ஜ் கட்டை பின்பக்கம் தூக்கிக்கொண்டது, ஒரு மத்தியான வெயிலில் டப்பென்று பெயர்ந்து வந்துவிட்டது. நைனா தன் மீன்பிடி வலை வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்து வாங்கின கிட்டார் அது. நைனா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன்தான் பசை வாங்கிவந்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி மூன்று நாள் வைத்து ஒட்டிக் கொடுத்தான். இன்றைக்கும் அந்த ஒட்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. 13 போடுகிற தம்பிகள் தயவுசெய்து சுருதியை இறக்கிவிட்டுப் போடுங்கள்.

22 நவம்பர் 2023, நள்ளிரவு தாண்டி

‘டின் பான் அலி.’ இதற்காகத்தான் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரிலேயே மோசமான ஒரு சந்து, அங்கே போனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லுகிற பாட்டு. வட சென்னைக்காரனுக்கு இந்த மாதிரிப் பேச்சு புதுசு இல்லை. நான் வேலைக்குப் போன முதல் ஆபீசில் முகவரி சொன்னவுடன் “அந்தப் பக்கமா?” என்று ஒரு மாதிரி இழுத்தார்கள். சினிமாவில் எங்கள் தெருவைக் காட்டினால் கையில் கத்தி இல்லாமல் ஒரு ஆள் நடந்துபோக மாட்டான். எனவே இந்தப் பாட்டின் வார்த்தை புரிந்த அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு கவனித்தால், பாடுகிறவர் அந்தச் சந்தை வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லை. அதே சந்தில் மாட்டிக்கொண்டவரின் குரல் அது. கிட்டார் அதைவிட மேல். ஒரு சுரம், பிறகு காத்திருப்பு. டிரம் மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கிறது, பேஸ் போகிறது, அவர் கையை எடுத்துவிட்டு நிற்கிறார். ராத்திரியில் தெருமுனையில் காலடிச் சத்தம் கேட்டால் நாம் நின்று கேட்போமே, அந்த அளவு நிற்கிறார். வேகமாக வாசிக்கத் தெரிந்த ஆள் என்று முதல் பாட்டிலேயே நிரூபித்தாகிவிட்டது. அதே ஆள் இங்கே முக்கால்வாசி வாசிக்காமலே விடுகிறார். முதல் ஆல்பத்தில் மெதுவான பாட்டு உண்டு, ‘லென்னி’ எனக்கு உயிர், ஆனாலும் இத்தனை பொறுமை அதில் இல்லை. மேலே ‘நேரம் கிடைத்துவிட்டது’ என்று எழுதினேனே, அந்த நேரத்தை அவர் என்ன செய்தார் என்பதற்கு இதுதான் பதில்.

எழுதியவர் பாப் கெடின்ஸ். டெக்சாஸிலிருந்து கலிபோர்னியாவின் ஓக்லண்ட் போனவர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அங்கே கப்பல் கட்டும் தளங்களில் வேலை கிடைக்கிறது என்று டெக்சாஸ், லூயிசியானா பக்கத்துக் கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள், அந்த மக்களுக்காக ரெக்கார்டு போட்டவர் இவர். 1953-இல் ஜிம்மி வில்சன் பாடி ஓடியது. துறைமுக ஊர்ப் பாட்டு. டெக்சாஸ்காரர் ஒருவர் எழுதி, முப்பது வருஷம் கழித்து இன்னொரு டெக்சாஸ்காரர் கைக்கு வந்திருக்கிறது.

அங்கிள் இருந்திருந்தால் இதைப் பற்றிக் கேட்டிருப்பேன்.

26 நவம்பர் 2023

‘கோல்ட் ஷாட்’ பாட்டில் கிட்டார் சத்தம் ஏன் சுற்றுகிறது என்ற கேள்விக்கு: ஃபெண்டர் வைப்ராடோன் என்ற பெட்டி. ஸ்பீக்கர் அசையாது, அதற்கு முன்னால் ஒரு உருளை சுழன்று சத்தத்தைச் சுற்றிச் சுற்றி வெளியே விடும். ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் பாட்டு கடற்காற்றில் கிட்டே வந்து வந்து எட்டிப்போகும், காசிமேட்டுக்காரர்களுக்குத் தெரியும். கிட்டத்தட்ட அதேதான்.

2 டிசம்பர் 2023

இன்றைக்கு அண்ணன் வந்திருந்தான். கானாக் கச்சேரியில் டோலக் வாசிப்பவன், முப்பது வருஷமாக. இங்கிலீஷ் பாட்டு கேட்கிற பழக்கம் கிடையாது. இந்த ஆல்பத்தின் பெயர்ப்பாட்டைப் போட்டேன். முதலில் தாளம் இல்லாமல் மெதுவாக விரியும், பிறகு அந்தத் துள்ளல் வரி பிடித்துக்கொள்ளும், நிறுத்தி நிறுத்திப் போகும். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுக் கேட்டான்: “பின்னாடி ஒருத்தர் அடிக்கிறாரே, அவர் யாரு?”

நான் ஸ்டீவியை மட்டுமே கேட்டுப் பழகியவன். இருபத்தேழு வருஷமாக ரெக்கார்டு அட்டையில் பெயரைப் படித்திருக்கிறேனே தவிர, காதால் பிரித்துக் கேட்டதில்லை. அது ஜிம்மி வான், ஸ்டீவியின் சொந்த அண்ணன். மூன்று வயது மூத்தவர். தம்பி கையில் கிட்டார் வந்ததே அண்ணன் வாசித்துக் கழித்துக் கொடுத்ததால்தான். இந்த ஆல்பத்தில் இரண்டு பாட்டில் பின்னணியில் ரிதம் கிட்டார் வாசிக்கிறார், இதிலும் கிட்டார் ஸ்லிம் பாட்டிலும். அவரே பெரிய கிட்டார்காரர், ‘ஃபேபுலஸ் தண்டர்பேர்ட்ஸ்’ குழுவின் தூண். ஆனால் இங்கே ஒரு இடத்தில்கூட முன்னால் வரவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். “அப்படித்தான் இருக்கணும்” என்றான், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

9 டிசம்பர் 2023

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. மிக்ஜாம் புயல். 3-ஆம் தேதி ராத்திரி பிடித்த மழை 4-ஆம் தேதி முழுக்க அடித்தது, கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் கரண்ட் இல்லை. அண்ணன் வீட்டில் இருந்த டோலக்கைப் பரண்மேல் ஏற்றிக் காப்பாற்றினோம், என் கிட்டாரையும்தான். எல்லோரும் பத்திரம். எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் கலந்து வீட்டுச் சுவரெல்லாம் கறுப்பு, அங்கே வலைக்காரர்கள் படுகிற பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

இந்த ஆல்பத்தின் பெயர்ப்பாட்டு வீடியோவில் குழுவின் மேல் காற்றும் தண்ணீரும் வாரி அடித்துக்கொண்டிருக்கும், அவர்கள் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். முன்பெல்லாம் ரசித்துப் பார்த்தேன். நேற்று போனில் சார்ஜ் ஏறியதும் போட்டுவிட்டு இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். பாட்டை மட்டும் கேட்டேன்.

14 டிசம்பர் 2023

நண்பரின் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். மொட்டைமாடியில் ஈரத் துணியும் பாயும் காயப்போட்டுக்கொண்டே அண்ணனிடம் இந்தக் கடன் விவகாரத்தைக் கேட்டேன். அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. கானாவில் பழைய சினிமா மெட்டை எடுத்து நம் வரியைப் போடுவோம், செத்துப்போன ஆளின் பெயரைச் சேர்ப்போம், போன தலைமுறைப் பாட்டுக்காரர் கட்டியதை இன்றைக்கு ஒரு பையன் பாடுவான். “யார் கட்டினதுன்னு சொல்லிட்டுப் பாடணும், நல்லா பாடணும். அவ்வளவுதானே?” என்றான்.

இதே அளவுகோலை ஸ்டீவியிடம் வைத்துப் பார்த்தேன். கிட்டார் ஸ்லிம் பாட்டு 1953-இல் நியூ ஆர்லியன்ஸில் பதிவானது, பியானோ ரே சார்ல்ஸ். அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பட்டியலில் முதலிடம். அவ்வளவு பெரிய பாட்டைத் தொட்டவர், தன் அண்ணனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தொட்டிருக்கிறார். நல்லா பாடியிருக்கிறாரா? பாடியிருக்கிறார். ஹெண்ட்ரிக்ஸ் பாட்டில் என் மனக்குறை அப்படியேதான் இருக்கிறது, அதை மாற்றிக்கொள்ளவில்லை. எட்டில் ஒன்று.

இன்னொன்று, ‘ஹனி பீ’ பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். உண்மை. சொந்தப் பாட்டுதான், கேட்கச் சுகம், ஆனால் அது இல்லாவிட்டாலும் ஆல்பத்துக்கு ஒன்றும் ஆகாது. சொந்தமா கடனா என்கிற கணக்கு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

17 டிசம்பர் 2023

கடைசிப் பாட்டு ‘ஸ்டாங்ஸ் ஸ்வாங்’ பற்றி ஒரு திருத்தம். டிரம் வாசித்தது ஸ்டீவி குழுவின் கிறிஸ் லேட்டன் என்று தம்பி ஒருவருக்கு எழுதியிருந்தேன். அந்த ஒரு பாட்டில் மட்டும் ஃப்ரான் கிறிஸ்டினா, ஜிம்மியின் குழுவிலிருந்து வந்தவர். சாக்ஸபோன் ஸ்டான் ஹாரிசன். ஜாஸ் வாடை அடிக்கிற சின்னப் பாட்டு. இந்த ஆளுக்கு இன்னும் எத்தனையோ வாசல் இருந்தது என்று அதைக் கேட்கும்போதெல்லாம் தோன்றும். அடுத்து 1985-இல் ‘சோல் டு சோல்’, கீபோர்டுக்கு ரீஸ் வைனன்ஸ் வந்துவிட்டார். 1990 ஆகஸ்ட் 27, ஹெலிகாப்டர் விபத்தில் ஸ்டீவி போய்விட்டார். முப்பத்தைந்து வயது. அண்ணனும் தம்பியும் முதன்முதலாகச் சேர்ந்து போட்ட முழு ஆல்பம் அடுத்த மாதம் வெளிவந்தது, அப்போது தம்பி இல்லை.

அதை இன்னும் என் அண்ணனுக்குப் போட்டுக்காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான், டோலக்கின் ஒரு பக்கம் ஈரத்தில் தளர்ந்துவிட்டது, இழுத்துக் கட்ட வேண்டும்.

24 டிசம்பர் 2023

போட்டேன். முழுசாகக் கேட்டான். பிறகு, “அந்தப் பழைய பாட்டையே திரும்பப் போடு, ரெண்டு பேரும் உசிரோட சேர்ந்து வாசிச்சது” என்றான். பெயர்ப்பாட்டை நாலு தடவை போட்டோம். மூன்றாவது தடவை, புதுசாக இழுத்துக் கட்டின டோலக்கில் ஜிம்மி வாசிக்கிற இடத்தில் சேர்ந்துகொண்டான்.